படகு பார்க்கப் போனேன்... குப்பை பார்த்து வந்தேன்!

எங்கள் தெருவில் பதினோரு புங்க மரங்கள். சித்திரை வெயிலில் ஆட்டோக்காரர்கள்கூட எங்கள் தெருவுக்குள் வந்துதான் வண்டியை ஓரங்கட்டி ஒரு தூக்கம் போடுவார்கள். அப்படி ஒரு நிழல். ஆனால், தை பிறந்துவிட்டால் அதே மரங்கள் இலையைக் கொட்ட ஆரம்பித்துவிடும். காலையில் பெருக்கிவிட்டு மதியம் பார்த்தால், பெருக்கின சுவடே இருக்காது.

அந்த இலைகளையெல்லாம் தெருமுனையில் குவித்து நெருப்பு வைத்துவிடுவது ரொம்ப நாள் வழக்கம். அதை யாரும் தப்பாக நினைத்ததில்லை. நானும்தான்.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு மாசி மாதக் காலை. குவியல் கொஞ்சம் பெரிது, இலையில் பனி ஈரம் வேறு. தீ பிடிக்காமல் புகையாகவே வந்துகொண்டிருந்தது. அப்பாவுக்கு எண்பத்திரண்டு வயது, ஏற்கெனவே மூச்சிரைப்பு உண்டு. ஜன்னலை மூடுவதற்குள் வீடு முழுக்கப் புகை. சாயங்காலம் வரை சமாளித்தார். ராத்திரி பதினோரு மணிக்கு ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணும்படி ஆகிவிட்டது. நான்கு நாள் ஆஸ்பத்திரி. ஆக்சிஜன் மாஸ்க்குக்குள்ளிருந்து அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

வீடு திரும்பியதும் முதல் வேலையாக, தெரு பெருக்கும் அக்காவிடம் சண்டைக்குப் போனேன். அவர் கோபப்படவில்லை. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இலையை வண்டியில ஏத்தினா, ரெண்டு தெருவுலயே வண்டி ரொம்பிப்போச்சுன்னு சத்தம் போடுறாங்க. இங்கயே விட்டா நீங்க சத்தம் போடுறீங்க. இதை எங்கதாம்மா கொண்டுபோய்ப் போடுறது? நீங்களே சொல்லுங்க."

என்னிடம் பதில் இல்லை. ஒரு வருடம் கழித்து, படகில் போகலாம் என்று ஆசைப்பட்டுக் கிளம்பிய ஊரில் அந்தப் பதில் கிடைத்தது.

தோழி ஊருக்கு ஒரு ரயில்

கோவையில் ஹாஸ்டலில் என்னோடு ஒரே அறையில் இருந்தவளின் சொந்த ஊர் ஆலப்புழா. "எப்போ வர்றே, எப்போ வர்றே" என்று இருபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பொங்கல் முடிந்த கையோடு நானும் என் மகளும் கிளம்பிவிட்டோம்.

சென்னையிலிருந்து வரும் ஆலப்புழா எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறிப் படுத்தால், கண் விழிக்கும்போது ஜன்னலுக்கு வெளியே கேரளா. எர்ணாகுளம் தாண்டியதும் ரயில் கடற்கரையை ஒட்டிய பாதையில் திரும்புகிறது. சேர்த்தலை, மாராரிக்குளம், கலவூர் என்று சின்னச் சின்ன நிலையங்கள். எந்தப் பக்கம் பார்த்தாலும் தென்னை, வெள்ளை மணல், குளம்.

எர்ணாகுளத்தில் ரயில் நின்றபோது, 2023-ம் வருட நினைவு வந்தது. அந்த மார்ச் 2-ம் தேதி, கொச்சியின் பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் பிடித்த தீ, பத்து நாட்களுக்கும் மேல் அணையவில்லை. மலைபோல் கிடந்த குப்பை உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருந்தது. தண்ணீர் தெளிக்கக் கடற்படை ஹெலிகாப்டர் வந்தது. பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டார்கள். எங்கள் தெருமுனையில் நடந்ததைத்தான் ஒரு மாநகரமே அனுபவித்தது.

ரயில் நிலையத்துக்கு வந்திருந்த தோழியிடம் இதைச் சொன்னேன். "அங்கே எரிஞ்சப்போ எல்லாரும் எங்க ஊரைத்தான் உதாரணமாச் சொன்னாங்க. நாளைக்குப் படகு. இன்னிக்கு உன்னை வேற இடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றாள்.

கதவை அடைத்த கிராமம்

ஆலப்புழாவைக் 'கிழக்கின் வெனிஸ்' என்பார்கள். 18-ம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கிய துறைமுக நகரம். ஊருக்கு நடுவே கால்வாய்கள், அதன் கரையில் பழைய கிடங்குகள், அந்தப் பக்கம் கடல், இந்தப் பக்கம் வேம்பநாட்டுக் காயல். தண்ணீருக்கு நடுவில் இருக்கும் ஊர். பள்ளம் தோண்டினால் தண்ணீர் வந்துவிடும். குப்பையைப் புதைக்க இடமே கிடையாது.

அதனால் ஊர்க் குப்பை எல்லாம் பக்கத்து ஊருக்குப் போனது. மாராரிக்குளம் தெற்குப் பஞ்சாயத்தில் இருக்கும் சர்வோதயபுரம். உரம் தயாரிக்கிற ஆலை என்றுதான் பெயர். ஆனால் தரம் பிரிக்காமல், காய்கறிக் கழிவும் மீன் செதிலும் பிளாஸ்டிக் பையும் கலந்து, நாளொன்றுக்குச் சுமார் 50 டன் வந்து இறங்கினால் எது உரமாகும்? மலையாகத்தான் ஆகும்.

"அந்தப் பக்கத்துல எனக்கு ஒரு அத்தை வீடு இருந்தது. விருந்துக்குக் கூப்பிட்டா நாங்க ஏதாவது சாக்குச் சொல்லுவோம். இலையில சோறு வைக்கறதுக்குள்ள ஈ உட்கார்ந்துடும். எங்க வீட்டுக் குப்பைதான் அங்கே நாறுதுன்னு எங்களுக்குத் தோணவே இல்லை பாரு" என்றாள் தோழி.

அந்த மக்கள் வருடக்கணக்கில் மனுக் கொடுத்தார்கள், மறியல் செய்தார்கள். 2012-ல், இனி ஒரு லாரியும் உள்ளே வரக் கூடாது என்று வழியை மறித்து நின்றுவிட்டார்கள். அதே காலகட்டத்தில் திருவனந்தபுரத்துக் குப்பையைச் சுமந்துகொண்டிருந்த விளப்பில்சாலா கிராமமும் இதேபோல் கதவை அடைத்திருந்தது.

ஆலப்புழா திணறிப்போனது. தெருமுனைகளில், கால்வாய்க் கரைகளில், பாலத்தடியில் எங்கும் குப்பை. சுற்றுலாவை நம்பிப் பிழைக்கிற ஊர் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியதாயிற்று.

இந்த நேரத்தில் ஊர் வேறு ஒரு கிராமத்தைத் தேடியிருக்கலாம். பல ஊர்கள் அதைத்தான் செய்கின்றன. ஆலப்புழா அதைச் செய்யவில்லை. அப்போது அந்தத் தொகுதியின் எம்.எல்.ஏ-வாக இருந்தவர் தாமஸ் ஐசக். அதற்கு முந்தைய பத்து வருடம் மாராரிக்குளம் தொகுதி எம்.எல்.ஏ. குப்பை அனுப்பிய ஊர், குப்பையைச் சுமந்த ஊர் இரண்டையும் அறிந்தவர். அவரும் நகராட்சியும் சேர்ந்து 2012 இறுதியில் 'நிர்மல பவனம் நிர்மல நகரம்' என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். வீடு சுத்தமானால் ஊர் சுத்தம் என்று அர்த்தம். மொத்தம் 52 வார்டுகள். முதலில் 12 வார்டுகளில் மட்டும் ஆரம்பித்தார்கள்.

திட்டத்தின் அடிப்படை ஒரே வரிதான். மக்கும் குப்பை வார்டு எல்லையைத் தாண்டக் கூடாது. இடம் உள்ள வீடுகளுக்கு மானிய விலையில் சாண எரிவாயுக் கலம்போல ஒரு பயோகேஸ் தொட்டி அல்லது குழாய் கம்போஸ்ட். இரண்டு பிளாஸ்டிக் குழாய்களை மண்ணில் நட்டு, ஒரு மாதம் ஒன்றிலும் அடுத்த மாதம் மற்றதிலும் சமையல் கழிவைப் போடுவது. இரண்டுக்கும் இடமில்லாதவர்களுக்குத் தெருப் பொதுவில் உரத்தொட்டிகள்.

இலைதான் சோறு!

அந்தத் தொட்டிகளைப் பார்க்கத்தான் தோழி கூட்டிப்போனாள். கால்வாய் ஓரமாக ஒரு கூரை. சுவரில் பூவும் கிளியும் வரைந்திருந்தார்கள். முன்பு குப்பை கொட்டிய இடமாம். கூரைக்குக் கீழே வரிசையாகத் தொட்டிகள். நீளம், அகலம், உயரம் மூன்றும் நாலு நாலு அடி. சுவர் நெருக்கமாக இல்லாமல், காற்று உள்ளே போய் வரும்படி இடைவெளி விட்டுக் கட்டியிருந்தது.

நான் முந்தானையைத் தயாராகக் கையில் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போனேன். நாற்றமே இல்லை. மழை பெய்த தோட்டத்தில் வருமே, அந்த மண் வாசனை.

பொறுப்பில் இருந்த பெரியவர் காக்கி அரைக்கால் சட்டை போட்டிருந்தார். தோழி அவரைச் 'சேட்டா' என்று கூப்பிட, நானும் அப்படியே கூப்பிட்டேன். ஒரு சிறுமி வாளியோடு வந்தாள். வாழைக்காய்த் தோல், மீன் தலை, புட்டு மிச்சம். சேட்டன் அதை வாங்கிக் கிளறிப் பார்த்து, உள்ளே கிடந்த ஒரு பால் பாக்கெட்டை எடுத்து அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு ஓடிவிட்டாள்.

அடுத்து அவர் செய்ததுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. மூலையில் அடுக்கியிருந்த சாக்கு ஒன்றைப் பிரித்தார். உள்ளே காய்ந்த இலை! எங்கள் தெருவில் நெருப்பு வைப்போமே, அதே சருகு. அதை அள்ளி, கொட்டிய கழிவு கண்ணுக்குத் தெரியாதபடி மூடினார்.

"சேட்டா, இலையைக் காசு கொடுத்து வாங்குறீங்களா?" என்றேன்.

சிரித்தார். "மீன் தலை தினமும் வரும். இலைக்குத்தான் நாங்க அலையணும். இலை இல்லேன்னா இது எல்லாம் வெறும் நாத்தம்."

இதற்குப் பெயர் தும்பூர்முழி முறை. திருச்சூர் மாவட்டத்தில், அதிரப்பள்ளி அருவிக்குப் போகிற வழியில் இருக்கிறது தும்பூர்முழி. அங்கே கேரள கால்நடைப் பல்கலைக்கழகத்தின் மாட்டுப் பண்ணையில் உருவான முறை என்பதால் அந்த ஊர்ப் பெயரே நிலைத்துவிட்டது. அடியில் பசுஞ்சாணம் ஓர் அடுக்கு, அதன்மேல் காய்ந்த இலை ஓர் அடுக்கு, அதன்மேல் கழிவு. மறுபடி சாணம், இலை, கழிவு. தொட்டி நிரம்பியதும் மூடிவிட்டால் 90 நாளில் உரம். புரட்டிப்போட வேண்டியதில்லை.

இலை எதற்கு? நம் சமையலறை பாஷையிலேயே சொல்லலாம். உரமாக்கும் வேலையைச் செய்வது கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள். காய்ந்த இலையில் இருப்பது கார்பன். அதுதான் அவற்றுக்குச் சோறு. ஈரக் கழிவில் அதிகம் இருப்பது நைட்ரஜன், அது குழம்பு. வெறும் குழம்பை எத்தனை டம்ளர் குடிக்க முடியும்? வெறும் சோற்றைத்தான் எவ்வளவு விழுங்க முடியும்? 30 பங்கு கார்பனுக்கு ஒரு பங்கு நைட்ரஜன் என்ற கணக்கில் சேர்ந்தால், நுண்ணுயிர்கள் திருப்தியாகச் சாப்பிட்டுப் பெருகும்.

சருகு இன்னொரு வேலையும் செய்கிறது. இலைக்கும் இலைக்கும் நடுவே காற்றுப் போக இடைவெளி கிடைக்கிறது. காற்று இல்லாமல் அழுகினால்தான் நாற்றமும் மீத்தேன் வாயுவும். காற்று இருந்தால் நாற்றம் இல்லை, சூடு மட்டும்தான். சேட்டன் ஓர் இரும்புக் கம்பியைத் தொட்டிக்குள் செருகி எடுத்து என் மகளிடம் நீட்டினார். தொட்டவள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். நல்ல தொட்டிக்குள் சூடு 60 டிகிரிக்கு மேல் போகும். ஈ முட்டையும் நோய்க்கிருமியும் களை விதையும் அந்தச் சூட்டில் பிழைக்காது.

எனக்கு அங்கேயே நின்று தலையில் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. எங்கள் ஊரில் காய்கறிக் கழிவு ஒரு பக்கம் நாறுகிறது. அதற்கு மருந்தான இலை இன்னொரு பக்கம் எரிகிறது. இரண்டு தொல்லையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டும் தொல்லை இல்லை. பெருக்குகிற அக்கா கேட்டாரே, "எங்கதாம்மா போடுறது?" என்று. இங்கேதான் போட வேண்டும்.

நார் ஊரின் நார்த்தூள்

"மழையில என்ன செய்வீங்க? கேரளாவுல ஜூன் வந்தா காய்ஞ்ச இலை ஏது?" என்று கேட்டேன். சேட்டன் இன்னொரு சாக்கைத் தட்டிக் காட்டினார். பழுப்பு நிறத் தூள். தேங்காய் நார்த்தூள்.

ஆலப்புழா கயிறுக்குப் பெயர்போன ஊர். வரும் வழியில் பார்த்தோமே கலவூர், அங்கேதான் கயிறு வாரியத்தின் மத்திய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மட்டையிலிருந்து நாரை உரித்தால் மிஞ்சுகிற தூள், ஒரு காலத்தில் பெரிய தலைவலி. சீக்கிரம் மக்காது, மலை மலையாகக் குவிந்து கிடக்கும். இப்போது அதுவே ஈரத்தை உறிஞ்சுகிற, கார்பன் கொடுக்கிற பொருளாக வீட்டுத் தொட்டிகளுக்கும் தெருத் தொட்டிகளுக்கும் போகிறது. ஒரு கழிவு இன்னொரு கழிவைக் குணப்படுத்துகிறது.

மறுநாள் படகும் போனோம். படகு வீட்டுக்குப் பணம் கொட்ட மனமில்லாதவர்களுக்கு ஒரு யோசனை. ஆலப்புழா படகுத் துறையிலிருந்து அரசுப் பயணிகள் படகுகள் போகின்றன. பஸ் டிக்கெட்போல வாங்கிக்கொண்டு, பள்ளிப் பிள்ளைகள், மீன்காரப் பெண்கள் நடுவே உட்கார்ந்து, கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கும் குட்டநாட்டு வயல்களைப் பார்த்துக்கொண்டே போகலாம். என் மகள் எண்ணிக்கொண்டே வந்தாள், தண்ணீரில் மிதந்த பிளாஸ்டிக் பாட்டில்களை.

ஆமாம், அதையும் சொல்ல வேண்டும். ஆலப்புழா சொர்க்கமாகிவிடவில்லை. கால்வாய்களில் தண்ணீர் கறுத்த இடங்களைப் பார்த்தேன். ஆகாயத்தாமரை அடைத்துக்கிடந்த இடங்களையும் பார்த்தேன். எல்லாத் தொட்டிகளும் சேட்டனுடையதைப்போல இல்லை. ஒன்றில் இலையே போடாமல் கழிவு வழிந்து, ஈ மொய்த்தது. "அங்கே ஆள் சரியில்லை" என்றாள் தோழி. இந்த முறைக்கு மின்சாரம் வேண்டாம், இயந்திரம் வேண்டாம். தினமும் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் கண்டிப்பாக வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளமும் மரியாதையும் வேண்டும்.

ஆனாலும் 2017-ல் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு, குப்பையை நன்றாகக் கையாளும் ஐந்து நகரங்கள் என்று ஜப்பானின் ஒசாகா, ஸ்லோவேனியாவின் லூப்லியானா, மலேசியாவின் பினாங்கு, கொலம்பியாவின் கஹிகா ஆகியவற்றோடு ஆலப்புழாவையும் சேர்த்துச் சொன்னது. பணக்கார நகரங்களின் வரிசையில், சாணமும் சருகும் வைத்து ஜெயித்த ஊர்!

அப்பா சொன்ன வார்த்தை

ஊருக்குத் திரும்பியதும் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெரிதாக ஆச்சரியப்படுவார் என்று பார்த்தால், சாய்வு நாற்காலியிலிருந்து எழாமலே சிரித்தார்.

"நம்ம ஊர்ல ஒவ்வொரு வீட்டுக்குப் பின்னாலயும் குப்பைக்குழி இருந்ததே, மறந்துட்டியா? சாணி, சாம்பல், மாடு தின்னு கழிச்ச வைக்கோல், வாசல் பெருக்குன இலை எல்லாம் அதுலதான். ஆடிப் பட்டத்துக்கு முன்னால வண்டி கட்டி வயலுக்கு அடிப்போம். 'குப்பை அடிச்சாச்சா?'ன்னுதான் ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்குவோம். குப்பைன்னா எங்களுக்கு உரம்மா. வேண்டாததுன்னு அர்த்தம் வந்தது டவுனுக்கு வந்த பிறகுதான்."

எத்தனை உண்மை! வார்த்தை அதேதான். நாம்தான் அதன் அர்த்தத்தைத் தொலைத்துவிட்டோம்.

நம் ஊர்களிலும் 'நுண் உரம் செயலாக்க மையம்' என்று போர்டு மாட்டிய கூரைகளைப் பார்த்திருப்பீர்கள். பல ஊர்களில் காய்கறிச் சந்தைக் கழிவு அங்கே உரமாகிறது. இலையை எரிக்கக் கூடாது, தோட்டக் கழிவைத் தனியாகச் சேர்க்க வேண்டும் என்பதை 2016-ம் வருடத் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லியிருந்தன. விதி இருந்தது, கூரை இருந்தது. தெருவில் விழுகிற இலை அந்தக் கூரைக்குப் போய்ச் சேர்வதுதான் நின்றுபோயிருந்தது.

நாங்கள் பெரிய திட்டம் எதுவும் போடவில்லை. தெருமுனையில், நெருப்பு வைக்கிற அதே இடத்தில், பழைய கம்பிவலையை வளைத்து இரண்டு கூண்டு செய்தோம். பக்கத்துப் பால்காரரிடம் சாணம். எட்டு வீடுகள் மட்டும் சேர்ந்தன. ஒருவர், "எலி வரும்" என்று சண்டை போட்டார். மூன்றாவது வாரம் நிஜமாகவே நாறியது. சேட்டனுக்கு போன் பண்ணினேன். "ஒரு பிடி எடுத்துப் பிழிஞ்சு பாரு. கை ஈரமாகணும், தண்ணி சொட்டக் கூடாது" என்றார். சொட்டியது. இரண்டு சாக்குச் சருகைக் கொட்டினோம். மூன்றாம் நாள் நாற்றம் போய்விட்டது. எலி என்று சொன்னவர், ஒன்பதாவது வீடாகச் சேர்ந்தார்.

வைகாசியில் முதல் கூண்டைப் பிரித்தோம். கறுப்பாக, உதிரியாக, டீத்தூள்போல. அப்பாவை மெதுவாகக் கைபிடித்து அழைத்து வந்து காட்டினேன். ஒரு பிடி அள்ளி மூக்குக்குப் பக்கத்தில் வைத்து முகர்ந்து பார்த்தார். "பழுத்த குப்பை" என்றார். அதைவிடப் பெரிய பாராட்டு அவரிடம் கிடையாது.

தெரு பெருக்கும் அக்கா இப்போது இலையைக் குவிப்பதில்லை. சாக்கில் அடைத்து, வாயைக் கட்டி, கூண்டுக்குப் பக்கத்தில் அடுக்கிவிடுகிறார். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காய்ந்த இலைக்கு எங்கே போவது என்று கேட்டவரே அவர்தான். வெயில் காலத்தில் வடாமும் வற்றலும் போட்டு மழைக்காலத்துக்கு எடுத்து வைப்போம் இல்லையா? அதுபோல எங்கள் தெருவில் இந்த வருடம் இலையும் எடுத்து வைத்திருக்கிறோம். இருபத்தாறு சாக்கு.